பவுலிங் லேனின் பாகங்களும் பராமரிப்பும்: புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

பவுலிங் சென்டரில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே பின்பக்கம் போய் மெஷினைத்தான் பார்ப்பார்கள். பந்து மோதிச் சாய்க்கும் ‘பின்’ என்கிற கட்டைகளை அள்ளி, மேலே ஏற்றி, பத்தையும் பிசகாமல் நிறுத்தி வைக்கும் அந்த மெஷினைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் என்னிடம் வருகிற தம்பிகளை முதல் வாரம் நான் அந்தப் பக்கம் விடுவதில்லை. முதலில் லேனைத் தெரிந்துகொள்ளட்டும். பந்து உருளும் அந்தப் பளபளப்பான தரையின் மேல் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. நின்று பார்த்தால் தெரியாது. ஆட்டம் நன்றாக இருப்பதும் கெட்டுப்போவதும் அதை வைத்துத்தான். இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் இருக்க வேண்டும், மற்ற இடத்தில் துளிகூட இருக்கக் கூடாது. நம் வேலையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

இங்கே நான் சொல்வது பத்து பின் வைத்து ஆடும் டென்பின் பவுலிங் பற்றி. சென்னை மால்களில் இருப்பதும் மலேசியா, சிங்கப்பூரில் தெருவுக்குத் தெரு தெரிந்த ஆட்டமும் அதுதான்.

லேன் முன்னால் நின்று பாருங்கள்

நீங்கள் நிற்கும் இடத்துக்கு அப்ரோச் என்று பெயர். ஆடுகிறவர் பந்தோடு நடந்து வந்து வீசும் இடம். குறைந்தது 15 அடி நீளம் இருக்க வேண்டும். தரையில் சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். எந்த இடத்திலிருந்து புறப்பட்டோம், கால் எங்கே வந்து நின்றது என்று ஆட்டக்காரர் பார்த்துக்கொள்வதற்காக அவை. அப்ரோச்சில் எண்ணெய் போடுவதே கிடையாது.

அப்ரோச் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அதுதான் ஃபவுல் லைன். கால் அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த வீச்சில் விழுந்த பின்கள் கணக்கில் சேராது. போட்டி ஆட்டங்களில் கோட்டை ஒட்டி ஓர் ஒளிக்கதிரை ஓடவிட்டு, கால் பட்டதும் பஸ்ஸர் அடிக்கும்படி வைத்திருப்பார்கள். ஆனால் இந்தக் கோடு விதிக்காக மட்டும் இல்லை. எண்ணெய் தொடங்குவது இதிலிருந்து சில அங்குலம் தள்ளித்தான். கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும் குழந்தை அடுத்த நொடி தரையில் கிடக்கும்.

ஃபவுல் லைனிலிருந்து முதல் பின்னின் நடுப்புள்ளி வரை சரியாக 60 அடி. மீட்டரில் சொன்னால் 18.29. அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம், ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். இந்த அகலத்தை 39 போர்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு போர்டு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வலது கைக்காரர்கள் வலது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள், இடது கைக்காரர்கள் இடது ஓரத்திலிருந்து. கோட்டிலிருந்து 12 முதல் 16 அடிக்குள் ஏழு அம்புக்குறிகள் இருக்கும். அவை 5, 10, 15 என்று ஐந்தைந்து போர்டுக்கு ஒன்றாக வரும். நடு அம்பு 20ஆம் போர்டில். இதை மனப்பாடம் செய்துவிடுங்கள். “பத்தாம் போர்டில் பந்து பிடிக்க மாட்டேங்குது” என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் இரண்டாம் அம்பைச் சொல்கிறார் என்று உடனே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பழைய லேன்களில் இந்தப் போர்டுகள் நிஜ மரம். மரச்சட்டங்களை நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஆணியடித்துச் சேர்த்திருப்பார்கள். பந்து வந்து விழும் முன்பகுதிக்கும் பின்கள் நிற்கும் பின்பகுதிக்கும் கெட்டியான மேப்பிள் மரம், நடுவில் பைன். 1970களின் பிற்பகுதியிலிருந்து செயற்கைப் பலகைகள் வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலான இடங்களில் அவைதான். வீட்டு அலமாரியில் ஒட்டும் சன்மைக்கா மாதிரிப் பொருள், ஆனால் பல மடங்கு கெட்டியானது. அதில் தெரியும் போர்டுகள் அச்சடித்த படம்தான். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் ஒரு கோடு இருக்கும், ஸ்க்ரூ போட்ட குழிகளை மூடிச் சிறு அடைப்பான்கள் இருக்கும். இந்த இரண்டையும் கண் எப்போதும் தேட வேண்டும். ஒரு அடைப்பான் நகக்கண் அளவு எழும்பினால் போதும், பந்து திசை மாறும்.

லேனின் இரண்டு பக்கமும் ஓடும் பள்ளம் கட்டர். ஒவ்வொன்றும் ஒன்பதேகால் அங்குல அகலம். கட்டரில் விழுந்த பந்து பின்னைத் தொடாமல் பின்னால் போய்விடும்.

லேனின் கடைசிப் பகுதி பின் டெக். பத்து பின்களும் முக்கோணமாக நிற்கும் இடம். பக்கத்துப் பக்கத்துப் பின்களின் மையங்களுக்கு நடுவே 12 அங்குல இடைவெளி. இரண்டு பக்கமும் நிற்கும் சுவர்களுக்குக் கிக்பேக் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் இதை வெறும் தடுப்பு என்று விட்டுவிடுவார்கள். வலது கைக்காரர் சரியான ஸ்ட்ரைக் (முதல் வீச்சிலேயே பத்தும் விழுவது) போடும்போது பந்து நேரடியாகத் தொடுவது நான்கே பின்களைத்தான்: 1, 3, 5, 9. மீதி ஆறையும் பின்னே பின்னைத் தள்ளித்தான் விழவைக்கிறது. கிக்பேக்கில் மோதித் திரும்பிவரும் பின் இன்னொன்றைச் சாய்ப்பதும் உண்டு. அதனால் கிக்பேக் தளர்ந்துபோனால் அதற்கேற்ப ஸ்கோரும் மாறும்.

அதற்கும் பின்னால் பிட் என்கிற குழி. அங்கே தொங்கும் கனமான குஷன் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பந்து அங்கிருந்து தரைக்கு அடியில், இரண்டு லேன்களுக்கு நடுவே ஓடும் தடத்தில் திரும்பி வரும். அதனால்தான் லேன்கள் எப்போதும் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. பந்து திரும்புவதில் ஏதாவது சிக்கல் என்றால் இரண்டு லேனும் நிற்கும்.

எண்ணெயைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

எண்ணெய் போடும் பழக்கம் வந்தது மரத்தைக் காப்பாற்றத்தான். கையைவிட்ட பந்து உடனே உருளாது. முதலில் வழுக்கும், அப்புறம் தரையைப் பிடித்து வளையும், கடைசியாகத்தான் உருளும். வழுக்கும்போது ஏற்படும் உராய்வில் மரத்தின் மேல்பூச்சு தேய்ந்து போகும். அதைத் தடுக்க முன்பகுதியில் எண்ணெய் தடவினார்கள். இன்று பலகைகள் கெட்டியாகிவிட்டாலும் எண்ணெய் போகவில்லை. ஆட்டத்தின் குணத்தையே இப்போது அதுதான் தீர்மானிக்கிறது.

எண்ணெயைப் பரப்பும் விதத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். சாதாரணமாகச் சென்டர்களில் போடும் ஹவுஸ் பேட்டர்ன் 40 அடியை ஒட்டி முடியும். அதாவது கடைசி 20 அடி காய்ந்த தரை. முன்னால் எண்ணெயில் வழுக்கிப் போன பந்து இந்தக் காய்ந்த இடத்துக்கு வந்ததும் பிடித்துத் திரும்பும். அகலத்திலும் எண்ணெய் சமமாக இருக்காது. நடுவில் நிறைய, ஓரங்களில் கொஞ்சம். அதனால் கொஞ்சம் தவறி வெளியே போன பந்து காய்ந்த ஓரத்தில் பிடித்து உள்ளே திரும்பும், உள்ளே போன பந்து எண்ணெயில் வழுக்கி நேராகப் போகும். புதிதாக ஆடுகிறவருக்கு இது பெரிய உதவி. தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் போன்றவர்கள் ஆடும் போட்டிகளில் இந்த உதவி இருக்காது. போட்டிப் பேட்டர்ன்களில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் குறைவு. ஒரே லேன், ஒரே பலகை, எண்ணெய் மட்டும் மாறினால் ஆட்டமே வேறாகிவிடும்.

இவ்வளவையும் செய்வது எவ்வளவு எண்ணெய் தெரியுமா? ஒரு லேனுக்கு 25 மில்லி லிட்டர் அளவில்தான். ஐந்து டீஸ்பூன். அதை 40 அடி நீளத்துக்குப் பரப்பினால் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாக இருக்கும். அவ்வளவு மெல்லிய படலத்தில் ஒரு கைரேகை, ஒரு காலணித் தடம், ஒரு துளி கூல்டிரிங்க்ஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆட்டக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டர்னின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், எண்ணெய் முடியும் இடத்தில் பந்து எந்தப் போர்டை ஒட்டிப் போனால் நல்லது என்று தோராயமாகத் தெரியும். 40 அடி என்றால் ஒன்பதாம் போர்டு. “இன்னிக்கு எத்தனை அடி போட்டிருக்கீங்க?” என்று ஒருவர் கேட்டால் இதற்காகத்தான். எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள், ஊகத்தில் சொல்லாதீர்கள்.

எண்ணெய் காலையில் போட்டபடியே இருக்காது. அதன் இடம் இரண்டு விதமாக மாறும். ரியாக்டிவ் ரெசின் என்கிற பிசின் மேற்பரப்புள்ள பந்துகள் எண்ணெயை உறிஞ்சும். நன்றாக ஆடுகிறவர்கள் நாலைந்து பேர் ஒரே லேனில் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டாம் அம்பைச் சுற்றியுள்ள போர்டுகள் காய்ந்துவிடும், பந்து சீக்கிரமே வளையத் தொடங்கும். நம் சென்டரில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்துகள் உறிஞ்சாது, எண்ணெயைச் சுமந்துகொண்டு போய்க் கடைசி 20 அடியில் பூசிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்த லேனில் பந்து பிடிக்காமல் நேராக வழுக்கிப் போவது இதனால்தான். குறை சொல்லி வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “சீக்கிரமே வளையுதா, வளையவே மாட்டேங்குதா?” என்பதுதான். பதிலிலேயே பாதி விடை இருக்கும்.

காலை வேலை, வரிசையாக

ஏசியை ஆட்கள் வருவதற்கு வெகு நேரம் முன்பே போட்டுவிடுங்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் இது சொகுசுக்காக இல்லை. ஈரம் ஏறினால் அப்ரோச் கால் வழுக்க விடாமல் பிடிக்கும். கடைசி அடியில் காலணி சரிந்து வந்து நிற்க வேண்டியது, சட்டென்று மாட்டிக்கொண்டால் ஆடுகிறவர் முகம் குப்புற விழுவார், இல்லையென்றால் முழங்கால் திருகிக்கொள்ளும். எண்ணெயும் சூட்டில் இளகும், குளிரில் கெட்டிப்படும். ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்க வேண்டுமானால் அறையும் அப்படி இருக்க வேண்டும்.

அடுத்து ஃபவுல் லைன். சுத்தமான துணியில் கிளீனர் நனைத்து, கோட்டையும் அதை ஒட்டிய அப்ரோச் பகுதியையும் கையால் துடையுங்கள். எண்ணெய் அப்ரோச்சுக்கு ஏறிவரும் முதல் வழி இதுதான், அதனால் மாப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். துடைத்த துணியை விரித்துப் பாருங்கள். பளபளவென்று ஈரமாக இருந்தால் இன்னொரு துணி எடுத்து மறுபடி துடையுங்கள்.

அப்புறம் அப்ரோச்சுக்கு உலர்ந்த மாப். கோட்டுப் பக்கமிருந்து இருக்கைப் பக்கமாக இழுத்து வாருங்கள். தூசியை லேன் பக்கம் தள்ளவே கூடாது. தண்ணீர் வேண்டாம், மர அப்ரோச் என்றால் ஈரத்துணிகூட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதம், லேன் ஓரத்தைத் துடைத்த மாப்பையே அவசரத்தில் ஆறாம் லேன் அப்ரோச்சில் இழுத்துவிட்டேன். பார்க்க எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்தது. முதலில் ஓடிவந்த பெண் கோட்டுக்கு முன்பே சறுக்கி, பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக விழுந்தாள். எலும்பு முறியவில்லை, முழங்கை மட்டும் வீங்கியது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் திட்டவில்லை. மண்டிபோட்டு அப்ரோச்சில் உள்ளங்கையை வைத்து எடுத்து, “கைய முகர்ந்து பாரு தம்பி” என்றார். எண்ணெய் வாசனை லேசாக அடித்தது. அன்றைக்கே இரண்டு மாப்பின் கைப்பிடியிலும் டேப் சுற்றினேன், அப்ரோச்சுக்கு மஞ்சள், லேனுக்குச் சிவப்பு. இன்றுவரை அப்படித்தான். நீங்களும் உங்கள் சென்டரில் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். இரண்டையும் ஒரே மூலையில் சாய்த்து வைக்காதீர்கள்.

கட்டர்களையும், லேன்களுக்கு நடுவே ஓடும் மூடிகளையும் துடைக்க அதிக நேரம் ஆகாது, ஆனால் விட்டுவிடாதீர்கள். கட்டரில் சேரும் எண்ணெய்த் தூசி பந்தில் ஒட்டி, பந்தோடு தடத்துக்குப் போய், அங்கிருந்து எல்லாப் பந்துகளுக்கும் பரவும். பந்து கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் தடத்தில் உள்ள பெல்ட்டைச் சுத்தம் செய்ய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ரேக்கில் உள்ள பந்துகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, விரல் துளைகளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் சிதைந்து கூராக இருந்தால் அந்தப் பந்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

லேன் மெஷினை ஓட்டுவது

இப்போதுள்ள மெஷின்கள் ஒரே ஓட்டத்தில் பழைய எண்ணெயைக் கழுவி எடுத்து, புது எண்ணெயையும் போட்டுவிடும். முன்னால் கிளீனர் தெளிப்பு, அதன் பின் துணிச்சுருள், ரப்பர் வைப்பர், ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம், கடைசியில் எண்ணெய் தடவும் பிரஷ். அமெரிக்காவில் கெகல், பிரன்ஸ்விக் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. மெஷின் எதுவானாலும் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை ஒரே மாதிரிதான்.

கிளீனர் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, கலவை லேபிளில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். “கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்” என்று கூட்டி ஊற்றினால் வைப்பர் வழித்தெடுக்காத மிச்சம் தரையில் நின்று புது எண்ணெயைக் கெடுக்கும். அழுக்குநீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். துணிச்சுருள் தீரும் நிலையில் இருந்தால் மாற்றிவிடுங்கள், பாதி லேனில் தீர்ந்துபோனால் அந்த லேனை முதலிலிருந்து செய்ய வேண்டும். அப்புறம் வைப்பர். இதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, விளிம்பு முழுவதையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அரிசி அளவு வெட்டு இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஈரக்கோடு ஃபவுல் லைனிலிருந்து பின் டெக் வரை நீளும். அந்தக் கோட்டின் மேல் போகும் பந்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த லேனில் மெஷின் ஓடுகிறதோ அதன் பின்செட்டர், அதாவது பின்களை அடுக்கும் மெஷின், நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மெஷின் பின் டெக் வரை போய்த் திரும்பும். அந்த நேரத்தில் விழுந்த பின்களை வாரித் தள்ளும் ஸ்வீப் மேலிருந்து இறங்கினால் இரண்டு மெஷினும் சேர்ந்து நாசமாகும். மெஷினை லேனில் நேராக இறக்கி வைத்து, பேட்டர்ன் எண்ணைத் திரையில் படித்துப் பார்த்து, அப்புறம் பட்டனை அழுத்துங்கள். ஓடும்போது போனைப் பார்க்காதீர்கள். சத்தத்தைக் கேளுங்கள். தினமும் கேட்ட காதுக்கு மோட்டார் திணறுவதும் துணி சுற்றாமல் நிற்பதும் முதலில் சத்தத்தில்தான் தெரியும்.

முடிந்ததும் சோதனை. ஒரு பந்தை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டாம் அம்பின் மேல் வீசுங்கள். திரும்பி வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பந்தில் எண்ணெய் வளையங்கள் தெரியும். பக்கத்து லேனிலும் அப்படியே செய்து ஒப்பிடுங்கள். ஒரு ஜோடியில் இரண்டு லேனும் ஒன்றுபோல் இருந்தால்தான் ஆட்டக்காரர் நம்பி ஆட முடியும், ஏனென்றால் போட்டிகளில் ஒரு ஃபிரேம் (ஆட்டத்தின் ஒரு சுற்று) இந்த லேனில், அடுத்தது அந்த லேனில் என்று மாறி மாறி ஆடுவார்கள். கடைசி 20 அடி உண்மையிலேயே காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, பின்செட்டரின் கரண்டை அணைத்துவிட்டு, பின்பக்கமிருந்து வெள்ளை டிஷ்யூ பேப்பரால் பின் டெக்கை ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் கறை படிந்தால் கழுவுவதில் குறை இருக்கிறது. இருக்கும் குறையோடு எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் கழுவலைச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் போடுவது என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் கணக்கு சரிவராது, ஆட்டக் கணக்குதான் சரி. மூடிக்கிடந்த லேனுக்கும் நாள் முழுக்க ஆடிய லேனுக்கும் ஒரே மாதிரி செய்வதில் அர்த்தமில்லை. போட்டி நடக்கும் நாளில் ஒவ்வொரு பிரிவுக்கு முன்பும் புதிதாகப் போடுவது வழக்கம்.

பின்கள்

பின்னின் உயரம் 15 அங்குலம். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே மேப்பிள் மரம், மேலே பிளாஸ்டிக் பூச்சு. ஒரு மெஷினில் ஏறக்குறைய இரண்டு செட், அதாவது 20ஐ ஒட்டிய எண்ணிக்கையில் பின்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு செட் நிற்கும்போது அடுத்தது தயாராகும்.

பின்கள் அழுக்கானால் எண்ணெய் பின் டெக்கில் படியும், பின் சரியாக நிற்காமல் ஆடும். அதனால் அவற்றைக் கழற்றி எடுத்துத் துடைத்து, பூச்சில் விரிசல் இருக்கிறதா, அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெடித்த பின்னின் சத்தமே வேறு, விரிசல் விட்ட மண்பானையைத் தட்டிய மாதிரி மொட்டையாகக் கேட்கும். ஒரு மெஷினில் புது பின்னும் பழைய பின்னும் கலந்து போடாதீர்கள். எடையும் துள்ளலும் வேறுபடும். செட்டாக இறக்கி, கொஞ்ச காலம் ஓய்வு கொடுத்து, செட்டாகவே ஏற்றுங்கள்.

பின்செட்டர் பக்கம் போகும் முன்

1940கள் வரை பின்களை அடுக்கியவர்கள் சிறுவர்கள். பிட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்து, பந்து வந்ததும் குதித்து அடுக்குவார்கள். பறந்துவரும் பின் காலில் பட்டுக் காயமாவது சாதாரணம். 1946இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஏஎம்எஃப் நிறுவனம் தானாக அடுக்கும் மெஷினைக் காட்டியது, 1950களில் அது பரவியது. சிறுவர்கள் அந்தக் குழியிலிருந்து மேலே வந்தார்கள். ஆனால் ஆபத்து அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு பின் மாட்டிக்கொண்டு மெஷின் நின்றால், அது நின்றதாகத்தான் தெரியும். உள்ளே பெல்ட் இழுத்த நிலையில் இருக்கும். பின்னை உருவிய நொடியில் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் கரண்டை அணைக்காமல் கையை நீட்டவே கூடாது. அணைத்தால் மட்டும் போதாது, முன்னால் கவுன்ட்டரில் இருப்பவர் தெரியாமல் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டுச் சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்று யார் கத்தினாலும் இந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பயிற்சி முடியும்வரை மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் மெஷினைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. சிக்கிய பின்னை எடுக்க லேன் மேல் நடந்து போவது. எண்ணெயில் வழுக்கி விழுவீர்கள் என்பது ஒரு பக்கம். திரும்பி வரும்போது உங்கள் காலணியில் ஒட்டிய எண்ணெய் அப்ரோச்சுக்கு வரும், அடுத்து ஓடிவருகிறவர் அதன் மேல் கால் வைப்பார். போக வேண்டியது பின்பக்க வழி.

இப்போது பல சென்டர்களில் பின்களின் தலையில் கயிறு கட்டி மேலே இழுத்து அடுக்கும் மெஷின்கள் வருகின்றன. பாகங்கள் குறைவு, கரண்ட் செலவு குறைவு, கற்றுக்கொள்வதும் எளிது. ஆனால் கயிறு இழுபடுவதால் பின் விழும் விதம் மாறும். அதனால் அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் 2023இல் கயிறு பின் ஆட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்தபோது அதைத் தனி வகையாகவே வைத்தது. உங்கள் சென்டரில் இந்த வகை என்றால் தினமும் கயிறுகளைத் தடவிப் பாருங்கள், நார் பிரியத் தொடங்கியதை அன்றைக்கே மாற்றுங்கள். லேனுக்கும் எண்ணெய்க்கும் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

மாதத்துக்கும் வருடத்துக்கும்

மாதம் ஒருமுறை ஃபவுல் லைனிலிருந்து அம்புகள் வரை டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து தெரியாத பள்ளமும் கீறலும் நிழலாகத் தெரியும். பந்தைத் தூக்கி எறிகிறவர்களால் வருவது இது. அவர்களிடம் கோபப்படாமல், குனிந்து உருட்டச் சொல்லிக் காட்டிக் கொடுங்கள், பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பிட் குஷனையும் பாருங்கள். அது இறுகிப்போனால் பந்து மோதி, பின்கள் திரும்பி டெக்குக்கே வரும்.

லேனின் மட்டத்தை வருடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அகலம் முழுவதற்கும் அனுமதிக்கிற ஏற்றத்தாழ்வு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டர். கட்டடம் இறங்கினாலும் ஈரத்தில் அடிச்சட்டம் உப்பினாலும் இது மாறும். சாதாரண ரசமட்டம் வைத்து இதைச் சொல்ல முடியாது, அளவுக் கருவியோடு வரும் ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

மழைக்காலத்தில் வாசலில் இரண்டு மிதியடி போடுங்கள், ஒன்று போதாது. வாடகைக் காலணியைக் கழற்றாமல் டாய்லெட்டுக்குப் போய்வருகிறவர்களைக் கவனியுங்கள். ஈரமான அடிப்பாகத்தோடு அப்ரோச்சில் ஏறினால் கால் ஒட்டிக்கொள்ளும். கால் வழுக்கவில்லை என்று பவுடரைத் தட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அதை உடனே நிறுத்துங்கள். அவருக்கு வசதியாக இருக்கும், அடுத்து வருகிறவருக்கு அது எண்ணெய் கொட்டியதற்குச் சமம்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு லேனுக்கும் ஒரு பக்கம். எண்ணெய் போட்ட தேதி, நேரம், அதுவரை ஆடிய ஆட்டங்கள், அறையின் வெப்பம், வந்த புகார். “லேன் 8, பத்தாம் பின் இரண்டு முறை தள்ளி நின்றது. லேன் 3, வலது ஓரத்தில் ஈரக்கோடு, வைப்பர் மாற்றினேன்.” இப்படி ஒரு வரி போதும். காலையில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிற தம்பி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மஞ்சள் டேப் சுற்றிய மாப்பைக் கையில் எடுக்க வேண்டும்.